அலுமினியம் றேடியேற்றரும் என்ர அரைகுறைப் பௌதிகமும்

போன கார்த்திகையில ஒரு இரவு. றெஸ்ரோறன்ற் பூட்டி, எண்ணெய்த் தாச்சியெல்லாம் கழுவிப்போட்டு மிசிசாகாவில இருந்து வெளிக்கிடேக்க ஒரு மணி. 401இல ஏறிக் கொஞ்சத் தூரம் போக, காலடியில வந்த சூட்டுக்காத்து திடீரெண்டு குளிர்ந்துபோச்சு. ஊசி சிவப்புக்குக் கிட்ட நிக்குது. ஓரங்கட்டி எஞ்சினை நிப்பாட்டினன். பொனற்றுக்குக் கீழால ஆவி, அதோட ஒரு இனிப்பு மணம். கூலன்ற் ஒழுகிப் போச்சு.

கார் 1999ஆம் ஆண்டுச் சிவிக், ஒட்டோமற்றிக். இந்தக் கார் இல்லாட்டி அந்த நேரத்தில ஸ்காபுரோவுக்கு வந்துசேர விடிஞ்சுபோகும். காலமை ஐஞ்சரைக்கு மனுசியைப் பக்டறியில இறக்குறதும் இதுதான். கறாச்காரர் திருத்தக் கேட்ட காசு என்ர ஒரு கிழமைச் சம்பளம். 'இந்தக் காருக்கு இதுக்குமேல செலவழிக்காதை அண்ணை' எண்டு புத்தியும் சொன்னார். நானே பூட்டுறதெண்டு முடிவெடுத்தன்.

வெடிச்சது றேடியேற்றரின்ர மேல் தொட்டி. பழசும் நடுப்பகுதி அலுமினியம்தான். மேலயும் கீழயும் இருக்கிற தொட்டிகள் மட்டும் பிளாஸ்ரிக். றபர் வளையம் வைச்சு, தகட்டை மடிச்சுப் பிடிச்சிருப்பாங்கள். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து பிளாஸ்ரிக் அப்பளம் மாதிரி ஆகிடும். இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேல தாங்கினதைக் குறை சொல்லேலாது. முழுக்க அலுமினியத்தில ஒட்டினதை வாங்கினால் கார் 'கூலாக' ஓடும் எண்டு பொடியள் சொல்லுறதை நம்பாதேங்கோ. எஞ்சின் எந்தச் சூட்டில ஓடவேணும் எண்டு தீர்மானிக்கிறது தேர்மோஸ்ராற். நாங்கள் காசு குடுக்கிறது அந்தப் பிளாஸ்ரிக் இல்லாமல் இருக்கிறதுக்குத்தான்.

தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள யாழ்ப்பாணத்தில சித்தப்பா ஒரு ஏ40 காரை மண்ணெண்ணெயில ஓட்டினவர். அதின்ர றேடியேற்றர் செம்பும் பித்தளையும். ஒழுகினால் ஈயம் ஊத்தி அடைக்கலாம். ஈயம் இல்லாட்டி மஞ்சள்தூளைக் கரைச்சு ஊத்துவார், ரெண்டு நாள் தாங்கும். பிறகு நான் கம்பஸில பௌதிகம் படிக்கேக்க, செம்பு அலுமினியத்தைவிட நல்ல வெப்பக் கடத்தி, ஆனால் மூண்டு மடங்குக்கு மேல பாரம் எண்டு எழுதிப் புள்ளி எடுத்தனான். மூண்டாம் வருசத்தோட, 2006 ஆவணியில ஏ9 பாதை பூட்டுப்பட, அந்தப் படிப்பும் நிண்டுபோச்சு. அந்தக் கதை இப்ப வேண்டாம்.

இணையத்தில ஓடர் பண்ணின பெட்டி வந்துது. பளபளவெண்டு இருந்தது. திருப்பிப் பார்த்தால் கீழ்த் தொட்டியில ரெண்டு சின்னக் குழாயைக் காணேல்லை. கியர்பொக்ஸ் எண்ணெய் போய் வாற குழாய் அது. வந்தது கையால கியர் போடுற காருக்கானது. விளம்பரத்தில ரெண்டுக்கும் பொருந்தும் எண்டுதான் கிடந்தது.

கூட வேலைசெய்யிற அண்ணர் ஒருத்தர் வந்து பார்த்தார். 'தம்பி, அந்த ரெண்டு எண்ணெய்க் குழாயையும் ஒரு றபரால சேர்த்துவிடும். எண்ணெய் தன்ரபாட்டில சுத்தும்.'

'சுத்தும் அண்ணை. ஆனால் சூடு எங்கை போறது?'

அவருக்கு அது பிடிக்கேல்லை. 'படிச்ச ஆக்களோட இதுதான் கரைச்சல்' எண்டார். எனக்குச் சுருக்கெண்டது, எண்டாலும் விட்டுக்குடுக்கேல்லை. தனியா ஒரு எண்ணெய்க் கூலரை முன்னுக்குப் பூட்டலாம். ஆனால் தொட்டிக்குள்ள இருக்கிறது எண்ணெயைக் குளிராக்கிறதோட, மாரியில சூடாக்கியும் குடுக்குது. திருப்பி அனுப்பிப்போட்டு, சரியானது வரும்வரைக்கும் ஒன்பது நாள் அதே அண்ணரின்ர காரில வேலைக்குப் போய்வந்தன். ஒவ்வொரு இரவும் ஒரு மணிக்கு அந்த றபர் குழாய்க் கதை. மனுசி அந்த ஒன்பது நாளும் இருட்டில ரெண்டு பஸ் மாறிப் போனவ. அதைப்பற்றி அவ ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் எனக்குக் கூடக் கஷ்ரமா இருந்தது.

பூட்டினது அவரின்ர கறாச்சிலதான். எஞ்சின் நல்லா ஆறினபிறகுதான் மூடியில கை வைக்கவேணும். பழைய கூலன்ற்றைத் தட்டத்தில பிடிச்சு உடன மூடி வைச்சன். பூனை நக்கினால் செத்துப்போகும். புதுசின்ர தடிப்பு கூட. காத்தாடி மோட்டர் பின்னுக்குத் தள்ளி, புகைக்குழாய்த் தகட்டோட முட்டப் பார்த்தது. பழைய வாசர்களைக் கழட்டி, வேற பக்கம் வைச்சு, ஒரு விரல் இடைவெளி எடுக்கிறதுக்கு மட்டும் ரெண்டு மணித்தியாலம். வடிச்ச தண்ணியும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி. சைபருக்குக் கீழ 37 பாகைமட்டும் உறையாது. குழாய்த் தண்ணி விடாதேங்கோ, உள்ள உப்புப் படியும்.

பிறகு மூடியைத் திறந்தபடி, ஹீற்றரை முழுக்க வைச்சு எஞ்சினை ஓடவிட்டு, காத்துக் குமிழி வாறதைப் பார்த்துக்கொண்டு நிண்டம். அண்ணர் ரோர்ச் பிடிச்சார். கொஞ்சநேரத்தில காத்தாடி தானாச் சுத்தி நிண்டது. ரெண்டாம் தரமும் சுத்தி நிண்டது. குமிழியும் நிண்டது. குறைஞ்ச அளவுக்கு ஊத்தி மூடியை இறுக்கினன்.

அண்ணர் குனிஞ்சு அந்த ரெண்டு எண்ணெய்க் குழாயையும் விரலால தடவிப் பார்த்தார். ஒழுகேல்லை.

'என்ரதிலயும் ஒருக்கா கீழ்ப்பக்கம் பாரும் தம்பி' எண்டார். 'போன வருசம் நான் சேர்த்துத்தான் விட்டனான்.'