மே/பா

கொழும்பில் ஒரு வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது தனிக்கலை. கொட்டாஞ்சேனையில் அந்தக் கலை நன்கு முதிர்ந்திருக்கிறது. ஒரு பேச்சுக்கு, வீதியோரத்தில் இல. 117 என்று ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பக்கத்து ஒழுங்கைக்குள் நுழைந்தால் 117/1, 117/2 என்று இலக்கங்கள் நீளும். ஒழுங்கை வளையும் இடத்தில் 117/14 வரும். அந்த வீட்டின் பின்பக்கத்தைத் தடுத்து இன்னொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அது 117/14 ஏ. ஒழுங்கை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில், ஓர் ஆள் சரிந்து நுழையக்கூடிய இடைவெளிக்கு அப்பால் இன்னும் ஆறு வீடுகள் இருக்கும். அவற்றுக்கும் இலக்கம் உண்டு. தபால்காரருக்கு அவை அனைத்தும் மனப்பாடம்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இந்தப் பகுதியில் குடியிருக்கிறேன். இங்குள்ள குறைகளைச் சொல்லப் புகுந்தால் நாளேடு ஒன்றின் பக்கங்கள் போதமாட்டா. அரை மணி நேர மழைக்கே கானில் உள்ளது வாசலுக்கு வந்துவிடும். பாடசாலை விடும் நேரத்தில் ஜம்பட்டா வீதியைக் கடக்கப் பொறுமையும் துணிச்சலும் வேண்டும். குப்பை வண்டி வரும் நாளும் வராத நாளும் அதனதன் விருப்பம். எல்லாம் உண்மை. ஆனால் இங்கே ஒருவர் மாநகர சபைக்கு முறைப்பாடு எழுதும்போது கடிதத்தின் தலையில் தம் வீட்டிலக்கத்தை எழுதுகிறார். நீர்க் கட்டணப் பட்டியலும் வாக்காளர் அட்டையும் அந்த இலக்கத்துக்கே வருகின்றன. பிள்ளையை அரச பாடசாலையில் முதலாம் தரத்தில் சேர்க்கப் போனால், பாதி இடங்கள் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு உரியவை. அண்மையில் வசிக்கிறோம் என்பதை நிரூபிப்பதும் அந்த இலக்கமே. நகரத்தில் முகவரி என்பது, அரசாங்கத்தின் முன் ஒரு குடும்பம் தன் காலில் நிற்பதற்கான இடம்.

இதை நான் வியந்து எழுதுவது நகரத்தில் பிறந்தவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நான் பிறந்தது உடப்புசல்லாவையில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாகக் கிழக்கே போனால் வருவது உடப்புசல்லாவை. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக இராகலை வரை சிறிய இரயில் ஓடியது. 1903-04 காலப்பகுதியில் திறக்கப்பட்ட அந்தப் பாதைக்கு உடப்புசல்லாவை இரயில் பாதை என்றே பெயர். அது உடப்புசல்லாவையை ஒருபோதும் எட்டவில்லை. 1940களில் முற்றாக மூடப்பட்டது. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஊரைத் தொடாமல் போவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். கொழும்பில் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் குடியிருப்புகளைச் சிங்களத்தில் 'வத்த' என்பார்கள், தமிழில் 'தோட்டம்' என்போம். தேயிலை விளையும் இடத்துக்கும் அதே பெயர்தான். மலையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் பலர் அந்தத் தோட்டத்தை விட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டிலும் நெருக்கடி உண்டு, பொதுக் குழாய் உண்டு, கூரை ஒழுக்கு உண்டு. வேறுபாடு கதவிலே இருக்கிறது. கொழும்புத் தோட்டத்தின் கதவில் மாநகர சபையின் இலக்கம் உண்டு. மலையகத் தோட்டத்து லயத்தில் பெயின்ரால் எழுதிய இலக்கம் ஒன்று இருந்தாலும் அது நிருவாகத்தின் கணக்கு. தபாற்கந்தோருக்கு அதைத் தெரியாது.

அப்படியானால் எங்களுக்குக் கடிதம் எப்படி வந்தது? உறையில் பெயர், அதன் கீழே 'மே/பா', அதற்குக் கீழே தோட்டத்தின் பெயர், பிரிவு, பிறகு உடப்புசல்லாவை. மே/பா என்றால் மேற்பார்வை. இன்னார் பொறுப்பில் என்று பொருள். எங்களுக்கு அந்தச் சொல் அதன் மற்றப் பொருளிலும் மிகச் சரியாகப் பொருந்தியது. கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போதோ, சம்பள நாளிலோ, யாராவது நினைத்துக்கொண்டாலோ கைக்கு வரும்.

நான் உயர்தரப் பரீட்சையில் தேறிய பிறகு எங்கள் வீடு ஒரே ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம். நுவரெலியாவில் என்னோடு படித்த நண்பனுக்கு அது வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். எனக்கு வரவில்லை. இடம் கிடைக்கவில்லை என்றே முடிவு செய்துவிட்டோம். சம்பள நாளன்று அப்பா வரிசையில் நின்றபோது அலுவலகத்தில் இருந்தவர் சொன்னாராம்:

"உன் மகனுக்கு ஏதோ கடுதாசி கெடக்கு. எடுத்துக்கிட்டுப் போ."

"எப்பங்க ஐயா வந்துச்சு?"

"அது கெடக்கு, கொஞ்ச நாளா."

பத்தொன்பது நாட்கள். உறையின் மேல் இருந்த தபால் முத்திரையை வைத்து நான் கணக்கிட்டேன். உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. பதிவுக்கு இன்னும் இரண்டு நாட்களே இருந்தன. அப்பா அன்று வாங்கிய சம்பளம் அப்படியே என் பஸ் பயணத்துக்குப் போயிற்று. நான் கலைப்பீடத்தில் சேர்ந்துவிட்டேன். அதனால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் எங்கள் மேல் வன்மம் கொண்டவர் அல்லர். ஒரு தொழிலாளியின் மகனுக்கு அவசரக் கடிதம் வரக்கூடும் என்ற எண்ணம் அந்த அலுவலகத்தில் எவருக்கும் இருக்கவில்லை, அவ்வளவே. இரண்டு நாட்கள் மிஞ்சாமல் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் நான் யோசித்ததுண்டு. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதத்தைப் பெற்ற இளைஞர்களைப் பல தோட்டங்களில் சந்தித்திருக்கிறேன்.

இதே மலையில் பறிக்கப்படும் கொழுந்தின் கதையைப் பாருங்கள். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. இன்றும் வாரந்தோறும் நடக்கிறது, 2020 முதல் இணையவழியாக. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு தொகுதித் தேயிலைக்கும் அது எந்தத் தோட்டத்து மார்க், என்ன தரம், எந்தத் தொடரிலக்கம் என்ற விவரம் உண்டு. இலங்கைத் தேயிலைக்கு ஏழு பிரதேசப் பெயர்கள் வழக்கில் உள்ளன. அவற்றில் உடப்புசல்லாவையும் ஒன்று. உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் பொதியைப் புரட்டிப் பார்த்து, இது எந்த மலையில் விளைந்தது என்று அறிந்துகொள்ளலாம். அந்தக் கொழுந்தைப் பறித்தவளுக்கு ஒரு தபாலட்டை அனுப்ப வேண்டுமென்றால் தோட்டத்து அலுவலகத்தின் தயவு வேண்டும்.

ஏன் இப்படி? லயம் ஒரு குடியிருப்பாகக் கருதப்பட்டதே இல்லை. அது வேலைக்கு வந்தவர் தங்கும் கொட்டில். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, செக்ரோலில் பெயர் இருக்கும் வரை. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எங்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. குடியுரிமைப் பிரச்சினை 2003இன் சட்டத்தோடுதான் பெருமளவில் தீர்ந்தது. காணி 1970களில் அரசுடைமையாயிற்று. 1992இல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயிற்று. இந்தக் கைமாறல்கள் எதிலும் லயத்தின் கதவு அதற்குள் இருப்பவருக்கு உரியதாகவில்லை. பிரதேச சபைகளோ, தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருப்பதாகச் சொல்லி ஒதுங்கி நின்றன. அது 2018இல்தான் திருத்தப்பட்டது.

ஆக, பிரஜையாகிவிட்டோம், வாக்காளராகிவிட்டோம், ஆனால் மே/பா போகவில்லை.

புறக்கோட்டைக்கு வாருங்கள். கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் துணி மடிக்கிற, மூட்டை இறக்குகிற, சாப்பாட்டுக்கடையில் மேசை துடைக்கிற பையன்களில் கணிசமானோர் எங்கள் பக்கத்தவர்கள். தீபாவளிக்கு முதல்நாள் பஸ்டியன் மாவத்தை பஸ் நிலையத்தில் நின்றால் மலையகமே வரிசையில் நிற்பது போலிருக்கும். இவர்கள் கடையின் மேல்மாடியில் படுத்து, கடையின் முகவரியையே தம் முகவரியாகக் கொடுக்கிறார்கள். முதலாளியோடு மனக்கசப்பு வந்தால் வேலையோடு முகவரியும் போய்விடும். யுத்த காலத்தில் இது வெறும் சங்கடமாக மட்டும் இருக்கவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்நாட்களில் சோதனைச் சாவடியில் கேட்கப்படும் முதற் கேள்விகளில் ஒன்று "நிரந்தர முகவரி என்ன?" என்பது. எங்கள் பையன்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். "வீட்டு இலக்கம்?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு அவர்களிடம் பதில் இருக்காது.

இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள், எல்லாம் கைப்பேசியில் வந்துவிடுகிறதே என்று இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். உண்மைதான். ஆனால் வங்கி அட்டையும் நீதிமன்ற அழைப்பாணையும் கைப்பேசிக்குள் வருவதில்லை. இணையத்தில் சப்பாத்து வாங்கினால் கொண்டுவருபவர் "கோயிலடிக்கு வாங்க" என்கிறார். பலர் டவுனில் உள்ள தெரிந்த கடையின் முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். சப்பாத்துக்கு அது போதும். நள்ளிரவில் பிரசவ வலி கண்டு 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கும்போது, எந்தப் பிரிவு, எந்த லயம், எந்தத் திருப்பம் என்று எப்படி விளக்குவது?

2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களை எப்படிச் சிதைத்தது என்பதை எல்லோரும் அறிவோம். மலை சரிந்து குடியிருப்புகள் புதைந்தன. பிறகு நிவாரணப் பட்டியல்கள் தயாராயின. எந்த வீடு, யாருடைய வீடு என்ற கேள்வி எழுந்தபோது தோட்டத்து மக்களின் நிலை என்னவாயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உரித்து இல்லாதவனின் வீடு இடிந்தால், இடிந்தது அவனுடைய வீடு என்று நிரூபிப்பதே முதல் வேலையாகிறது.

இதைப் பற்றிப் பேசும்போது என் நீண்டகால நண்பர், தொழிற்சங்கத்தில் ஊறியவர், கடுமையாக மறுத்தார். "லயத்துக்கு இலக்கம் போட்டால் லயம் நிரந்தரமாகிவிடும். எங்களுக்கு வேண்டியது காணி, உறுதி, தனி வீடு. இலக்கத்தகடு அல்ல" என்றார். அவருடைய அச்சம் நியாயமானது. ஏழு பேர்ச் காணிப் பேச்சும் தனிவீட்டுத் திட்டங்களும் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்பதைப் பார்த்தவர் அவர். இந்தியப் பிரதமர் 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்த பத்தாயிரம் வீடுகளுக்கும் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் நான் கொழும்புத் தோட்டங்களைக் கண்டவன். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் காலத்தில் அங்கே குடிசை குடிசையாகக் கணக்கெடுத்தார்கள். கணக்கில் ஏறிய குடும்பத்தின் கையில், நான் இங்கேதான் இருந்தேன் என்பதற்கு ஒரு சான்று இருந்தது. பின்னர் இடம் மாறச் சொன்னபோது மாற்று இடம் கேட்டு வாதாட அது உதவியது. இலக்கம் உரித்து ஆகாது. ஆனால் உரித்துக் கேட்கப் போகிறவனுக்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசியாவது வேண்டும்.

2025 மே மாதத் தேர்தலில் புதிய பிரதேச சபைகள் தெரிவாகியிருக்கின்றன. சட்டத் தடை என்ற பழைய காரணம் இப்போது இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் உள்ள பாதைக்கு ஒரு பெயர், ஒவ்வொரு கதவுக்கும் ஓர் இலக்கம், அந்தப் பட்டியலின் பிரதிகள் தபாற்கந்தோருக்கும் கிராம அலுவலருக்கும். கேட்பது இவ்வளவுதான். கொங்கிறீட்டும் தகரமும் வேண்டிய வேலையல்ல. பாதைகளுக்குப் பெயர் வைக்கும்போது மக்களையே கேட்கட்டும். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று அவர்கள் வாயில் ஏற்கெனவே பெயர்கள் இருக்கின்றன.

கனடாவிலும் நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இதைப் படிப்பவர்களில் மலையகத்து வேர் உள்ளவர்கள் உண்டு என்பதை அறிவேன். உங்கள் வீட்டில் பழைய கடித உறைகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முகவரியில் யாருடைய பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் தோட்டப் பிரிவிலிருந்து யாராவது புதிய பிரதேச சபைக்கு உறுப்பினராகப் போயிருந்தால், அடுத்த முறை பேசும்போது இதை ஒரு சொல் கேளுங்கள். கோயிலுக்கு நன்கொடை அனுப்பும்போது கேட்டால் இன்னும் கவனமாகக் கேட்பார்கள்.