ஊமைப் பெட்டி பேசிய கதை

நம்மில் பலர் வீட்டில் இருப்பது பழைய கம்ப்யூட்டர்தான். புதிது வாங்க யாரிடம் பணம் இருக்கிறது? பழசில் படம் வரும், எழுத்து வரும், சில சமயம் சத்தம் மட்டும் வராது. கடையில் கேட்டால் "போர்டு போச்சு தம்பி" என்பார்கள். எங்கள் வீட்டுப் பெட்டிக்குப் போர்டு போகவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். அப்பா லோடுமேன். அம்மாவின் சீட்டுப் பணத்தை எடுத்து 5,500 ரூபாய்க்கு அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினோம். எதற்கு? கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இங்கிலீஷ் காது பழக வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்த நமக்கு எழுதிக் காட்டினால் புரிகிறது, பேசினால் பிடிபடுவதில்லையே! அந்தப் பெட்டிதான் ஊமையாக வந்து சேர்ந்தது. விற்ற கடையில், தனி சவுண்டு கார்டு போட இன்னும் 600 ரூபாய் என்றார்கள்.

அப்பா இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்: "இதச் சரி பண்ணத் தெரியலன்னா ரெண்டு வருசமா என்னத்தடா படிச்ச?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பத்தாவது படித்துக்கொண்டிருந்த தங்கை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை மேலே படிக்க வைப்பதா, தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்புவதா என்ற பேச்சு அப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. என் படிப்பே செல்லாக்காசு என்றால் அவளுக்காக யார் வாதாடுவது?

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் சத்தத்துக்குத் தனி கார்டு செருகுவார்கள். 1997-இல் இன்டெல் ஏசி 97 என்ற முறையைக் கொண்டுவந்தது. 2004-இல் அந்த இடத்துக்கு ஹெச்.டி. ஆடியோ வந்தது. இப்போது மதர்போர்டிலேயே கோடெக் என்று ஒரு சின்ன சிப் இருக்கும். உள்ளே இருப்பது நாம் படிக்கிற டி டு ஏ கன்வர்ட்டர்தான். விண்டோஸ் சொல்வதை அந்த சிப்புக்கு மொழிபெயர்க்கிற ஆள்தான் டிரைவர். அவருக்கு சிப்பின் பாஷை தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பெட்டியில் இருந்தது விண்டோஸ் 10 (மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் ஆதரவை நிறுத்தியதுதான், நமக்கு அது போதும்). டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ஆடியோ வரியில் மஞ்சள் முக்கோணம், கோட் 10. எல்லா டிரைவரும் அடங்கிய மூட்டை ஒன்றைக் கடையில் போட்டிருந்தார்கள். அது வேறு கம்பெனி சிப்பின் டிரைவரை ஏற்றிவிட்டிருந்தது. தெலுங்குக்காரரிடம் மலையாளம் பேச ஆள் அனுப்பிய மாதிரி! "உங்கள் கம்ப்யூட்டரில் இத்தனை டிரைவர் பழசு" என்று பயமுறுத்திக் காசு கேட்கிற சாஃப்ட்வேர்களும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சிப் தன் பெயரைத் தானே சொல்லும். அந்த வரியில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், அதற்குள் ஹார்டுவேர் ஐடிஸ். நீளமாக ஒரு சரம் வரும். 'வென்' என்பதற்குப் பின்னால் வரும் நாலு எழுத்து கம்பெனி. 'டெவ்' என்பதற்குப் பின்னால் வருவது சிப். எங்களுடையதில் இரண்டு ஆடியோ வரி இருந்தது. ஒன்றில் வென் 8086. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மைக்ரோபிராசசர் புத்தகத்தில் வரும் அதே 8086! இன்டெல் தன் பழைய சிப்பின் எண்ணையே அடையாளமாக வைத்திருக்கிறது. ஆனால் அது ஹெச்.டி.எம்.ஐ. வயர் வழியே மானிட்டருக்குப் போகும் சத்தம். ஸ்பீக்கர் செருகும் பச்சை ஜாக்குக்கு அதனால் பயனில்லை. இன்னொன்றில் வென் 10ஈசி, டெவ் 0887. 10ஈசி என்றால் ரியல்டெக் (பெயரில்தான் ஈசி!). 0887 என்றால் ஏ.எல்.சி. 887. எதற்கும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்க ஜாக்குகளுக்கு அருகே நண்டுப் படம் போட்ட சின்ன சதுர சிப். நண்டுதான் ரியல்டெக்கின் முத்திரை.

அப்புறம் மதர்போர்டில் அச்சடித்த மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, போர்டு கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே டிரைவரை எடுத்தேன். பழையதை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் போட்டு, புதியதை ஏற்றி, மறுபடி ரீஸ்டார்ட். பச்சை ஜாக்கில் சத்தம் வந்தது.

முன்பக்க ஹெட்போன் மட்டும் அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. காபினெட் ரொம்பப் பழசு, உள்ளே ஏசி 97 காலத்து வயர். புதிய முறையில் ஜாக்கைச் செருகியதும் சிப்புக்குத் தகவல் போகும். பழைய வயரில் அதற்கு வழி கிடையாது. செருகினாலும் சிப்புக்குத் தெரியாது. ரியல்டெக் செட்டிங்கில் முன்பக்க ஜாக்கைக் கண்டறிவதை நிறுத்த ஒரு டிக் இருக்கிறது. போட்டேன், வந்துவிட்டது.

அப்பா வேலை முடிந்து வந்தபோது இங்கிலீஷ் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"எவ்வளவு செலவாச்சு?"

"ஒண்ணுமில்லப்பா."

"கடைக்காரன் அறுநூறு கேட்டானே!"

இதையே அன்று ராத்திரி அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார். தங்கை இந்த வருடம் நம் பாலிடெக்னிக்கிலேயே முதலாண்டு ஈ.இ.இ. சேர்ந்திருக்கிறாள்.

உங்கள் பெட்டியும் ஊமையாக இருந்தால் காலை 8.10 பஸ்ஸில் என்னைப் பிடியுங்கள், கடைசி சீட்டில் இருப்பேன். மதர்போர்டு போட்டோவெல்லாம் வேண்டாம். 'வென்', 'டெவ்' இரண்டு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.