மொராக்கோவைத் தேடி ஆத்தங்குடிக்கு!

எங்கள் வீடு திருவண்ணாமலையில், ராஜகோபுரம் தெரிகிற ஒரு தெருவில் இருக்கிறது. பழைய வீடு. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு ஒன்று தெரியும். இங்கே சமையலறை நமக்கு மட்டும் சொந்தமில்லை! பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவிட்டு, கால் வீங்கி வந்து உட்காரும் உறவுக்காரர்கள். கார்த்திகை தீபத்துக்கோ 30 இலைக்குக் குறையாது. அந்த இருட்டு அறையில், பெயர்ந்துபோன சிமெண்டுத் தரையில் 22 வருஷம் நின்றுவிட்டேன். போன வருஷம் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், "இது சமையல்கட்டுக்குத்தான்" என்று என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் செல்போனில் படங்களைக் காட்டினாள். "அம்மா, இதுக்குப் பேரு மொராக்கோ ஸ்டைல். இப்படிப் பண்ணலாம்மா." நீலமும் பச்சையும் மஞ்சளுமாகக் கோலம் போட்டாற்போல் தரை, வளைவு வளைவாக மாடங்கள், பளபளவென்று பித்தளைப் பாத்திரங்கள், மண்சட்டிகள். பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது மொராக்கோ. அங்கே ஃபெஸ் என்ற பழைய நகரத்தில், களிமண் பலகைகளைச் சுட்டு, வண்ண மெருகேற்றி, பிறகு உளிச் சுத்தியலால் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கையாலேயே கொத்தி எடுக்கிறார்களாம். நட்சத்திரம், சதுரம், இலை என்று அந்தத் துண்டுகளைக் குப்புற அடுக்கி, முதுகில் சாந்து பூசிப் பலகையாக்குவார்கள். அதற்குப் பெயர் ஸெல்லிஜ். மராகேஷ் பக்கத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பிட்டு மெருகேற்றுவார்கள். தண்ணீர் பட்டாலும் இறங்காது. அது தாதெலாக்த்.

எல்லாம் சரிதான். வெளிநாட்டு டைல்ஸுக்கு ஒரு கடையில் விலை கேட்டோம். சீட்டுப் பணம் தரைக்கே காணாது! என்ன செய்வது என்று யோசித்தபோது, பரண் மேல் இருக்கும் மாமியாரின் பழைய பித்தளைகள் நினைவுக்கு வந்தன. அண்டா, தவலை, அடுக்கு, தூக்கு, பருப்புச் சட்டி. எவர்சில்வர் வந்த பிறகு அவற்றை யார் தொடுகிறார்கள்? பழைய பாத்திரம் வாங்குகிறவர் எடைக்கு ஒரு விலை சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போனார். அத்தையிடம் சொன்னேன். "உன் இஷ்டம்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வேலையை ஒப்புக்கொண்ட மேஸ்திரி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கு எதுக்கும்மா வெளிநாடு? செட்டிநாட்டுப் பக்கம் ஆத்தங்குடிக் கல்லுன்னு ஒண்ணு இருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை இரவே நானும் மகளும் கிளம்பினோம். திருச்சியில் பஸ் மாறி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி. அங்கிருந்து ஆத்தங்குடி. சிவகங்கை மாவட்டத்துச் சின்ன கிராமம். அகலமான தெருக்களில், பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் அரண்மனை போன்ற வீடுகள். பர்மாத் தேக்குத் தூண்கள், சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர்கள். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்த மகள், "அம்மா, மராகேஷ்!" என்றாள்.

கல் செய்கிற இடம் ஒரு கொட்டகை. சூளை கிடையாது, பெரிய இயந்திரம் கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து வைக்கிறார்கள். அதன் மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வேலைப்பாட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டும் மணலும் சாயமும் கலந்த குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், நாம் பணியாரக் குழியில் மாவு ஊற்றுவதைப் போல! அச்சை மெதுவாக எடுத்ததும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே ஈரமில்லாத சிமெண்டு மணலைத் தூவி, பிறகு சாந்தை நிரப்பி, கரணையால் சமப்படுத்துகிறார்கள். காய்ந்த பின் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். மறுபடி காயும்போது கண்ணாடி தானாகக் கழன்று கொள்கிறது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கியிருக்கிறது!

அங்கே குப்புற அடுக்குகிறார்கள், இங்கே குப்புற வார்க்கிறார்கள். திருப்பிப் பார்க்கிற வரை செய்தவருக்கே முகம் தெரியாது. "எல்லாக் கல்லும் ஒண்ணு போல இருக்காதுக்கா, கை வேலைதானே" என்றார் அங்கிருந்த தம்பி. நீலப் பூ ஒன்று, ஓரத்துக்குச் செங்காவி ஒன்று என்று தேர்ந்தெடுத்து முன்பணம் கொடுத்தோம். வெளிநாட்டு டைல்ஸுக்குச் சொன்ன விலைக்கு இது எவ்வளவோ மேல்.

திரும்பும் வழியில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனோம். பழம்பொருட்கள் விற்கும் கடைகள் நிறைந்த தெரு. மாடத்தில் வைக்க ஒரு பித்தளைத் தூக்கு வாங்கலாம் என்பது மகளின் எண்ணம். ஒரு கடையில் அண்டாக்களை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் புள்ளி புள்ளியாக ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. அந்த அம்மா யாரோ! கல்யாணச் சீராகக் கொண்டு வந்திருப்பாள். விலை கேட்டேன். எங்கள் ஊரில் எடைக்குச் சொன்னதைப் போலப் பல மடங்கு! பக்கத்தில் இரண்டு பெண்கள் தங்கள் வீட்டு அலங்காரத்துக்கென்று அதே மாதிரி அண்டாவுக்குப் பேரம் பேசிக் கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சுரீரென்றது. அத்தையின் அண்டாவிலும் இப்படித்தானே பெயர் வெட்டியிருக்கிறது? இன்றைக்கு நான் எடைக்குப் போட்டால், நாளைக்கு யாரோ ஒருத்தி திருப்பிப் பார்த்து, "யாரோ ஒரு அம்மா" என்பாளே!

தெருவிலேயே நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். "அத்தை, பாத்திரக்காரர் வந்தா ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "எம் பேரு வெட்டின அண்டாவ மட்டும் வெச்சுக்கலாமான்னு நீ வந்ததும் கேக்கலாம்னு இருந்தேம்மா."

22 வருஷமாக ஒரே அடுப்பில் சமைக்கிறோம். கேட்கத் தயங்கும்படி நான் நடந்துகொண்டேனே என்று வெட்கமாக இருந்தது.

இப்போது எங்கள் சமையலறையில் நீலப் பூத்தரை. அடைத்துவிடுவதாக இருந்த பழைய மாடக்குழியை அடைக்கவில்லை. வளைவுக்குச் செங்காவி ஓரம் கட்டி, உள்ளே விளக்கு வைத்தோம். திறந்த மர அலமாரியில் அத்தையின் அடுக்கும் தவலையும். ஈயம் பூசி வந்த அண்டாவில்தான் இந்தத் தீபத்துக்கு 30 பேருக்குப் பொங்கல். மாலையில் மலை மேல் கொப்பரையில் தீபம் தெரிந்ததும் மாடவிளக்கை அத்தையே ஏற்றினார். வந்தவர்களிடமெல்லாம், "இது மொராக்கோ!" என்று பெருமையாகச் சொன்னார்.

இப்படிச் செய்ய விரும்பும் சகோதரிகளுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

• ஆத்தங்குடிக் கல்லுக்குப் புளியும் எலுமிச்சையும் ஆகாது. சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். தரையிலேயே உட்கார்ந்து புளி போட்டு அண்டா தேய்த்தேன். வெள்ளைத் திட்டு விழுந்து இன்னும் போகவில்லை! ஆசிட் கலந்த மருந்துகளை அண்டவே விடாதீர்கள்.

• தண்ணீர் விட்டுத் துடைத்து, அவ்வப்போது துளி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் நன்றாகத் தேய்த்தால் போதும். புழங்கப் புழங்க மெருகு ஏறும். எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ நின்றால் வழுக்கும். பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் கவனம் தேவை.

• சமையல் மேடைக்குக் கிரானைட்டும், தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும் சுவருக்குச் சாதாரண டைல்ஸுமே நல்லது.

• பித்தளையில் சமைப்பதானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் விஷம். பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பும் ரசமும் வேண்டாம்.

• பளபளக்கும் வண்ணப் பூச்சுள்ள மண்பாத்திரங்கள் சிலவற்றிலும் காரீயம் இருப்பதுண்டு. நிச்சயமாகத் தெரியாவிட்டால் அழகுக்கு மட்டும் வையுங்கள். குழம்புக்கு நம்மூர் மண்சட்டி போதும்.

கடைக்குப் புறப்படும் முன் ஒரு முறை உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். இறங்கி வந்து, அது யாருடையது என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்!