14 மீட்டர்

சங்கத்தின் உள் நிர்வாகத்தில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. முடிவு பெரும்பான்மை வாக்கில் எடுத்தது என்றால் தடை உத்தரவு வாங்குவது இன்னும் கஷ்டம். அந்தத் தாவா என்னிடம் வந்தபோது நிலைமை அதுதான். சொந்தக் காசில் காரும் பைக்கும் ஓட்டும் ஆர்வலர்களின் சங்கம் அது. பல மாநிலங்களில் உறுப்பினர்கள் உண்டு. பதிவு மட்டும் சென்னையில், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி. தேசிய சாம்பியன்ஷிப்பை எந்த டிராக்கில் நடத்துவது என்று செயற்குழு கூடி, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விமான ஓடுதளத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. வழக்குப் போட வந்தவர் பந்தய ஓட்டுநர் அல்ல. வளைவில் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல், ஓய்வுபெற்ற மெக்கானிக்.

"ஓட்டறவனுக்கு ஹெல்மெட் இருக்கு, பெல்ட் இருக்கு, வக்கீல் சார். கொடி புடிச்சிட்டு நிக்கிற எங்களுக்கு என்ன இருக்கு? முன்னாடி நாலு மூங்கில் கழிதான்."

பந்தய இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் வாடகை பார்ப்பார்கள், தங்கும் வசதி பார்ப்பார்கள், எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று பார்ப்பார்கள். அமெச்சூர் பந்தயத்தில் நுழைவுக் கட்டணம்தான் வருமானம் என்பதால் வாடகையே முதலில் வந்து நிற்கும். அதில் தப்பில்லை. ஆனால் வாக்களிப்பவர்கள் பெரும்பாலும் ஓட்டுகிறவர்கள்; ஆபத்து வந்தால் அதைச் சேர்ந்து தாங்குகிறவர்கள் வாக்கில்லாமல் வெளியே நிற்கிறவர்கள். இந்த வழக்கை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

பிடி சங்கத்தின் விதிகளிலேயே இருந்தது. பாதுகாப்புத் துணைக்குழு நேரில் பார்த்து எழுத்தில் அறிக்கை தந்த பிறகே இடம் முடிவாக வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தில் அறிக்கையைக் காணோம். நில உரிமையாளர் எழுதிய ஒரு பக்கக் கடிதம்தான் ஒட்டியிருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவை நான் தொடவில்லை. அரசின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விடுவதை அது தண்டிக்கிறது. வேலி போட்ட தனியார் நிலத்தைப் பொது இடம் என்று நிரூபிப்பது வீண் சுமை.

எதிர்த்தரப்புச் சீனியர் அமெரிக்காவிலிருந்து ஆரம்பித்தார். ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்காவின் தேசியப் போட்டி 1964-ல் ரிவர்சைடில் தொடங்கியது, பிறகு டேடோனாவும் ரிவர்சைடும் மாறி மாறி நடத்தின, 1970-லிருந்து ரோடு அட்லாண்டா, 1994-லிருந்து மிட்-ஒஹாயோ. இடத்தை மாற்றுவது கிளப்பின் உரிமை என்றார். உரிமைதான். ஆனால் அவர் சொன்ன அத்தனையும் பந்தயத்துக்கென்றே கட்டிய டிராக்குகள். இருபதுக்கும் மேற்பட்ட வகை வண்டிகள் ஒரே வாரத்தில் ஓடும் போட்டி அந்த அமெரிக்கப் போட்டி. மெதுவான வண்டிக்குப் போதும் என்று தடுப்பு வைத்தால் வேகமான வண்டிக்குப் போதாது. சோழவரத்தில் ஓடவில்லையா என்று அடுத்துக் கேட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமான அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது உண்மை. சென்னைக் கிளப்காரர்களே பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. டிராக் கட்டி, 1990 வாக்கில் அங்கே மாறிப்போனதும் உண்மை.

வாய்வாதத்தில் இது முடியாது என்று தெரிந்ததால், ஆர்டர் 26 ரூல் 9-ன் கீழ் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லி மனுப் போட்டேன். ஆணையராக வந்தவர் இளம் பெண் வழக்கறிஞர். மோட்டார் பந்தயத்தை அவர் டிவியில்கூடப் பார்த்ததில்லை. அது நல்லதாகவே போயிற்று. எதையும் ஊகிக்காமல் எல்லாவற்றையும் அளந்தார். ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட நேராக ஓடும் பாதை, முடிவில் செங்கோணத்தில் டாக்சிவேக்குள் திரும்புகிறது. அந்த நேர்கோட்டை அப்படியே நீட்டினால் எங்கே போய் முட்டுமோ, அங்கேதான் பார்வையாளர் பகுதிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இரும்பு டேப்பை என் கட்சிக்காரர் ஒரு முனையில் பிடிக்க, சங்கச் செயலாளர் மறுமுனையைப் பிடித்தார். பாதை விளிம்பிலிருந்து மூங்கில் வரை 14 மீட்டர். இரண்டாவது மார்ஷல் நிலையிலிருந்து பார்த்தால் மூன்றாவது தெரியவில்லை; நடுவில் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. மஞ்சள் கொடி காட்டினால் அடுத்தவருக்குத் தெரிய வேண்டாமா? ஆம்புலன்ஸ் வெளியேற ஒரே கேட். பாதையைக் குறுக்கே கடந்தால்தான் அதை அடைய முடியும்.

மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 50 மீட்டர் கடக்கும் என்று நீதிபதியிடம் சொன்னேன். அவர் 14-ஐத் தன் குறிப்பேட்டில் எழுதி, கீழே கோடு போட்டார்.

சீனியரின் கடைசி ஆயுதம் புரூக்லண்ட்ஸ் தீர்ப்பு. 1930-ல் அந்த ஆங்கிலேயப் பந்தயத் தடத்தில் இரண்டு கார்கள் மோதி, ஒன்று வேலியைத் தாண்டிப் பார்வையாளர்கள் மேல் பாய்ந்தது. ஆறு அங்குலச் சிமெண்டு விளிம்பு, அதையடுத்து நாலரை அடி அளவுக்குப் புல், அப்புறம் இரும்பு வேலி, அவ்வளவுதான் தடுப்பு. ஜூரி இழப்பீடு கொடுத்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. பந்தயம் பார்க்க வருபவர் அதன் இயல்பான ஆபத்தை ஏற்றுத்தான் வருகிறார் என்பது அந்தத் தீர்ப்பு. ஆனால் அதன் அடித்தளத்தைப் படிக்க வேண்டும். 1907-ல் திறந்த தடத்தில் 23 ஆண்டுகளாக ஒரு வண்டிகூட வேலி தாண்டியதில்லை. ஆகவே அந்த விபத்தை முன்கூட்டி எதிர்பார்த்திருக்க முடியாது என்றார்கள். எங்கள் வழக்கில் வண்டி எங்கே பாயும் என்பதை ஆணையரின் வரைபடமே காட்டியது. தெரிந்த ஆபத்துக்கு எதிரே ஆளை நிறுத்திவிட்டு, ஆபத்துக்குத் தானே பொறுப்பு என்று அவரிடம் கையெழுத்து வாங்கிய பாண்டு பேப்பரைக் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது. அன்றும் முடியவில்லை, இன்றும் முடியாது.

எந்த டிராக் நல்லது என்று நீதிமன்றம் சொல்லவில்லை; சொல்லவும் கூடாது. துணைக்குழு அறிக்கை தந்து பொதுக்குழு கூடும் வரை செயற்குழு முடிவை நிறுத்திவைத்தது. துணைக்குழு ஓடுதளத்தை ஏற்கவில்லை. போட்டி நிரந்தர டிராக் ஒன்றுக்கு மாறியது, நுழைவுக் கட்டணம் ஏறியது, வெளிமாநில உறுப்பினர்கள் சிலர் அந்த ஆண்டு வரவில்லை. வருடம் முழுக்கச் சேமித்து ஒரே ஒரு பந்தயம் ஓட்டுகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய இழப்பு நிஜமானது. அதனால்தான் சமரச மனு எழுதும்போது, பாதுகாப்புக் குறையில்லாத டிராக்குகளை மண்டலவாரியாகச் சுழற்சியில் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கச் சொன்னேன். இரு தரப்பும் ஒப்பினார்கள்.

என் கட்சிக்காரர் கேட்டது வேறொன்று: துணைக்குழுவில் எப்போதும் ஒரு மார்ஷல் இருக்க வேண்டும், அவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை செல்லாது. செயலாளர் கொஞ்சம் யோசித்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் ஆயிற்றே, மறுக்கவில்லை. அது ஏழாவது ஷரத்தாகப் பதிவாகி, அதன்படி டிக்ரி ஆனது.