குளியலறைக்கு ஒரு கதவு

அளவெட்டியில் எமது பழைய வீட்டிலே குளிப்பதெல்லாம் கிணற்றடியிலேதான். கிடுகு வேலியே மறைப்பு. அம்மாவுக்கு முதுமையினால் முற்றம் கடப்பதே அரிதாகிவிட, வீட்டினுள் குளியலறை கட்டினோம். தண்ணீர் வெளியே சிதறாதிருக்க மடிப்புக் கண்ணாடிக் கதவு பூட்டுவதென்றும் தீர்மானித்தோம்.

கடையிலே பளபளப்பைக் கண்டு மயங்கி நின்ற வேளை, “தம்பி, வழுக்கினால் நான் எதைப் பிடிக்கிறது?” என்று அம்மா கேட்டார். அக்கேள்வியே எமது கண்ணைத் திறந்தது.

உள்ளே விழுந்தவரின் உடலே உட்புறம் திறக்கும் கதவை அடைத்துவிடும். ஆதலால் வெளிப்புறம் மடிவதைத் தெரிந்தோம். சாதாரணக் கண்ணாடி கூரிய சில்லுகளாக உடையும். சூடேற்றி விரைந்து குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடியோ மழுங்கிய சிறு துண்டுகளாக உதிரும். அதையே வாங்கினோம். பிடிப்பதற்குச் சுவரிலே தனியே கம்பி பதித்தோம்.

சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊறும் எமது குடாநாட்டு நீர் வன்னீர். காய்ந்தால் கண்ணாடியில் வெண்படலம் படியும். எனவே குளித்ததும் துடைத்துவிடுகிறோம்.

தாழ்ப்பாள் மட்டும் வைக்கவில்லை. கிடுகு வேலி உருவத்தை மறைத்ததேயன்றி, உதவிக்கு அழைக்கும் குரலையும் ஓடிவரும் கைகளையும் தடுத்ததில்லை. புதிய கதவும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.