சாலையில் முதலில் விழுபவர்கள்

விபத்தில் ஒருவர் வஃபாத்தானார் என்று பள்ளிவாசலில் அறிவித்தால், எங்கள் மஹல்லாவில் எழும் முதல் கேள்வி, “பைக்கில் போனாரா, நடந்து போனாரா?” என்பதே. காரைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

நாட்டின் கணக்கும் அவ்வாறே உள்ளது. மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் சாலையில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். 32,825 பேர் பாதசாரிகள். 2014-இல் இறந்த பாதசாரிகள் 12,330 பேர். எட்டே ஆண்டுகளில் இரண்டரை மடங்குக்கும் மேல்! 2022-இல் மாநிலங்களிலேயே மிகுதியான விபத்துகள் நிகழ்ந்தது நம் தமிழகத்தில்தான்.

2020 பிப்ரவரியில் அவிநாசி அருகே கேரளப் பேருந்தும் கண்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் மாண்டதை ஊரே நினைவில் வைத்திருக்கிறது. தனித்தனியாக விழுபவர்களை அவரவர் வீடு மட்டுமே நினைக்கிறது.

2024-இல் உக்கடம்–ஆத்துப்பாலம் மேம்பாலம் திறக்கப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் ஃபஜ்ருக்குக் கீழ்ச்சாலையைக் கடக்கும் முதியவருக்கு அதனால் என்ன பயன்?

பாதையின் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஜும்ஆ வேளையில் நடைபாதையை அடைத்து நிற்கும் பைக்குகளும் அவ்விடையூறில் சேரும் என்றே கருதுகிறோம். தொப்பி இருக்கத் தலைக்கவசம் எதற்கு என்னும் வாலிபர்களிடம் இமாம்கள்தாம் பேச வேண்டும். நான்கு வயது கடந்த பிள்ளைக்கும் அது சட்டப்படி கட்டாயம்.

மற்றொன்று: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், காயமுற்றவர் எந்த மாநிலத்தவராயினும் குறித்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இதை ஜமாஅத் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.