ஒன்றும் மூன்றும்

அண்ணனோடு 11 பருவங்கள் ஒரே வரிசையில் நின்று விளையாடினேன். அவர் முதுகில் 3, என் முதுகில் 1. நடுவில் 2ஆம் எண்காரர், ஹூக்கர். தேயிலை மலைகளில் ரகர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்களே போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ரகர் என்கிற ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. பக்கத்துக்கு எட்டுப் பேர் மூன்று வரிசையாகக் கோத்துக்கொண்டு, குனிந்து, எதிரணியின் எட்டுப் பேரோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். நடுவே போடப்படும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர் ஹூக்கர். அவரை இரு பக்கமும் தாங்கி நிற்பவர்கள் புரொப். அந்தத் தாங்கி நிற்கும் வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் அண்ணன்.

2005இல் கிளப்புக்குப் போனபோது எனக்கு வயது 23. தோட்ட ஆபீசில் கிளார்க். இலங்கையில் இந்த விளையாட்டைப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிடுவார்கள். கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்பு ரோயல் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதி வருகின்றன. அந்தப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பந்தைத் தொட்டவர்கள். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரு வாலிபால் வலை. ரதல்ல, தரவளை போன்ற மைதானங்கள் வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்டவை. அப்படி ஒரு கிளப் மைதானத்தில் என் தாத்தா புல் வெட்டியிருக்கிறார். முதல் நாள் பூட்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கியபோது அவரைத்தான் நினைத்தேன்.

அண்ணனுக்கு அப்போது 34. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். இரண்டு காதுகளும் கசங்கி, தடித்து, உள்மடிப்பே தெரியாமல் மூடியிருக்கும். போட்டிக்கு முன்னால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து அந்தக் காதுகளைத் தலையோடு சேர்த்துச் சுற்றுவார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கழுத்து இருக்கு. மத்ததெல்லாம் இனிமேதான்" என்றார்.

முதல் இரண்டு மாதம் பந்தைக் கையில் தரவே இல்லை. சுவரில் தோளை முட்டுக்கொடுத்துக் குனிந்து நிற்கச் சொல்வார். பாதித் தண்ணீர் நிரப்பிய போத்தலை என் முதுகின் குறுக்கே கிடத்துவார். இடுப்பு ஏறினால் போத்தல் கழுத்துப் பக்கம் உருளும். இடுப்பு இறங்கினால் பின்னால் உருண்டு விழும். விழுந்தால் முதலிலிருந்து. குதிகாலைத் தரையில் ஊன்ற விடமாட்டார். பெருவிரலின் அடிச்சதையால் மண்ணைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் தொடை நடுங்கத் தொடங்கிவிடும்.

இடது ஓரம் என் இடம். என் இடப்பக்கம் ஆள் கிடையாது, அந்தக் காதில் காற்றுப் படும். அதனால் அது லூஸ்ஹெட். அண்ணனுடையது டைட்ஹெட். எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவே தலை சிக்கி, இரண்டு காதும் அடைபட்டிருக்கும். எங்கள் லூஸ்ஹெட்டுக்கு எதிரே வருபவர் அவர்களுடைய டைட்ஹெட். ஆகவே பயிற்சியில் அண்ணன்தான் எனக்கு எதிராளி. போட்டி நாளில் மட்டும் என் பக்கம். அவருக்கு எதிரே நின்ற முதல் வருடம் முழுக்க என் மூக்கு மண்ணில்தான் இருந்தது.

2006 ஜூனில் நடந்த போட்டி ஒன்றை நான் மறப்பதற்கில்லை. தென்மேற்குப் பருவமழை. எதிராளியின் ஜெர்சி உடம்போடு ஒட்டும் புது ரகம், நனைந்து வழுக்கியது. லூஸ்ஹெட் தன் இடது கையை எதிராளியின் வலது கைக்கு உள்ளே விட்டு, ஜெர்சியை முதுகிலோ விலாப்பக்கமோ பிடிக்க வேண்டும். சட்டைக்கையைப் பிடிக்கக் கூடாது, கழுத்துப்பட்டியைப் பிடிக்கக் கூடாது. அன்றைக்கு இரண்டாம் பாதியில் என் விரல்கள் முதுகு வரைக்கும் போகவில்லை. கையில் கிடைத்த சட்டைக்கையைப் பற்றினேன். முழங்கை கீழே இறங்கியது. ஸ்க்ரம் சரிந்தது. நடுவர் மறுபடி அமைக்கச் சொன்னார். மறுபடியும் சரிந்தது. பெனால்டி கொடுத்தார், அவர்கள் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுத்தார்கள். அந்த மூன்றால்தான் பின்னர் தோற்றோம். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

அடுத்த ஸ்க்ரமில் என் கை முற்றிலும் விட்டுப்போனது. எதிராளி தலை கீழாகப் போய் விழுந்தார், அவர் மேல் எல்லோரும் விழுந்தோம். மற்றவர்கள் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. கண் திறந்திருந்தது. மழை முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அவருடைய விரல்கள் அசைகின்றனவா என்று யாரோ குனிந்து பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு கையை மடக்கினார், காலை மடக்கினார், உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

போட்டி முடிந்ததும் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் என் தோளைப் பிடித்து எதிரணியின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே வந்த பிறகு அண்ணன் சொன்னார்: "தள்ளுறதெல்லாம் அப்புறம் தம்பி. ஒன்னைய நம்பித்தான் ஒருத்தன் எதிர்ல கழுத்தக் குடுத்து நிக்கிறான். அவன விழாமப் புடிக்கிறதுதான் நம்ம மொத வேல."

அந்த வாரம் இரவு ஷிப்டுக்குத் தொழிற்சாலைக்கு வரச் சொன்னார். கொழுந்தை வாடப் போட்டிருக்கும் மேல்மாடி. பச்சை வாசனை நெஞ்சை அடைத்தது. ஒரு பிடி கொழுந்தை அள்ளி உள்ளங்கையில் அழுத்திக் காட்டினார். பதமாக வாடிய கொழுந்து உருண்டையாகச் சேரும், கையைத் திறந்தால் மெல்ல விரியும். தண்டு ஒடியாமல் வளையும். என்னைப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்த பிடியில் இலை கசங்கிச் சாறு விட்டது. சற்று நேரத்தில் கசங்கிய ஓரமெல்லாம் சிவந்துவிட்டது. "இப்பிடித்தான் ஜெர்சியையும் புடிக்கிற. மூணு ஸ்க்ரம்ல கை செத்துப்போகுது. நாலாவதுல தானாத் தொறந்துக்கிது" என்றார். என் கை ஏன் விட்டது என்று அந்த மாடியில்தான் விளங்கியது. மழை வெறும் சாக்குத்தான்.

அதன் பிறகு கோல் கம்பத்தில் ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பழகினேன். துணியை ஒரு மடிப்பு விரலுக்குள் சுருட்டிக்கொள்ள வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பூட்டு. மற்ற விரல்கள் சும்மா கூட இருந்தால் போதும். முழங்கை மேலே நிற்க வேண்டும். இதெல்லாம் சொல்ல ஒரு நிமிடம். கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது.

2008இல் ஒரு மாலை, பயிற்சி. பனிமூட்டம் இறங்கி, இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து முட்டினோம். பின்வரிசைக்காரரின் தோள் என் தொடைக்கு மேலே வந்து அழுத்தியது. அந்தப் பலம் இடுப்பில் ஏறி, முதுகுத்தண்டு வழியே வழிந்து, வலது தோளில் போய் இறங்கியதை முதன்முறையாக உணர்ந்தேன். எங்கேயும் ஒழுகவில்லை. அண்ணனின் பாதம் அரையடி பின்னால் நகர்ந்தது. அவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

அவரும் கற்றுக்கொண்டே இருந்தார். பழைய நாளில் இரு அணியும் பாய்ந்து மோதிய பிறகுதான் பிடியைத் தேட வேண்டும். 2007இல் "க்ரவ்ச், டச், போஸ், என்கேஜ்" என்று நடுவர் நிதானப்படுத்திச் சேர்க்கும் முறை வந்தது. 2013இல் "க்ரவ்ச், பைண்ட், செட்". மோதுவதற்கு முன்பே எதிராளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாய்ச்சலிலேயே பாதி வேலையை முடித்தவர் அண்ணன். 42 வயதில் அதை மறக்க வேண்டி வந்தது. பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, "தம்பி, சித்த நில்லு" என்று என்னை எதிரே நிறுத்திப் பிடித்துப் பார்ப்பார். "முழங்கை இறங்குது அண்ணே" என்று நான் ஒருநாள் சொன்னேன். தலையசைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

ஸ்க்ரமில் இரண்டு புரொப்களும் உட்பக்கக் கையால் ஹூக்கரைச் சுற்றிப் பிடிப்போம். என் வலது முஷ்டியும் அண்ணனின் இடது முஷ்டியும் ஹூக்கரின் முதுகில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நடுவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், அண்ணன் தன் விரல் கணுவால் என் கணுவை ஒரு தடவை அழுத்துவார். என் முதல் போட்டியிலிருந்து 2016இல் அவருடைய கடைசிப் போட்டி வரைக்கும் அது தவறியதில்லை. அந்த 2006 ஜூனில், அந்த மனிதர் எழுந்த பிறகு அமைத்த ஸ்க்ரமிலும் அழுத்தினார்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் 3ஆம் எண்ணோடு ஒரு புதுப் பையன் வந்தான். நல்ல கழுத்து. அண்ணன் கோட்டுக்கு வெளியே குடைபிடித்து நின்றுகொண்டிருந்தார். நடுவர் கூப்பிட்டார். குனிந்தோம். ஹூக்கரின் ஜெர்சியை ஒரு மடிப்புச் சுருட்டிப் பிடித்தேன். பக்கத்தில் அந்தப் பையனின் கை இலையைக் கசக்குகிற மாதிரி இறுகியிருந்தது, நடுங்கியது. என் கணுவால் அவன் கணுவை ஒரு தடவை அழுத்தினேன்.